சின்ன செராமிக் அடுப்பு இன்னொன்று வாங்கலாமா?

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் தனி வீட்டில் இருக்கிறோம். நான்கு வருடமாக 18 அங்குல பிக் கிரீன் எக் (முட்டை வடிவத்தில் மூடியோடு இருக்கும் செராமிக் கரி அடுப்பு) வைத்திருக்கிறேன். வார இறுதியில் ரிப்ஸ் (பன்றி விலாக்கறி), முழுக்கோழி, எப்போதாவது பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) என்று செய்கிறேன். ஆனால் வார நாளில் நான்கு கோழித் துண்டுக்காக அவ்வளவு பெரிய அடுப்பைப் பற்றவைக்க மனசு வருவதில்லை. 13 அங்குலத்தில் சின்னதாக ஒன்று வாங்கினால் கரி மிச்சமாகும், சீக்கிரம் சூடேறும், கேம்பிங்குக்கும் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். "ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்கிறார் மனைவி. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் அசைவம். மனைவியும், எங்களோடு இருக்கும் மாமியாரும் சைவம். மாமியார் அந்த அடுப்பில் சுட்ட எதையும் தொடமாட்டார். மனைவிக்கு அதில் நான் ரொட்டி, பீட்சா எல்லாம் சுட வேண்டும் என்று ஆசை; இதனாலேயே தள்ளிப்போகிறது. வாங்கலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகர், ஜார்ஜியா

பதில்: வணக்கம்.

வாங்குங்கள். ஆனால் கரி மிச்சம், சீக்கிரம் சூடு, கேம்பிங் என்று நீங்கள் முன்னால் வைத்திருக்கும் மூன்று காரணங்களுக்காக வாங்க வேண்டாம். அவை நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் கைகொடுக்காது. கடிதத்தின் கடைசியில், மாமியார் தொடமாட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு தேவைப்படுவது அதற்காகத்தான். அதற்காக வாங்குவதென்றால் எந்த அளவு, புதிதா பழையதா, எங்கே வைப்பது, யார் பொறுப்பில் விடுவது எல்லாமே மாறிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கரி. டாலஸ் வட்டாரத்தில் கேட்டரிங் நடத்துகிறேன். நம் ஊர்க்காரர்கள் வீட்டுப் பின்கட்டில் கரி அடுப்பு வைத்துச் சமைப்பதுதான் என் தொழிலில் பெரும்பகுதி. செராமிக் அடுப்பு வைத்திருக்கும் பலருக்கும் உங்களுக்கு இருக்கிற அதே எண்ணம் இருக்கிறது: பெரிய அடுப்பு என்றால் நிறையக் கரி தின்னும், சின்னது கொஞ்சமாகத் தின்னும். மூடியில்லாத பார்பெக்யூ அடுப்புக்கு அது சரி. அதில் பற்றிய கரி சாம்பலாகிற வரை எரிந்துகொண்டேதான் இருக்கும். செராமிக் அடுப்பின் சங்கதி வேறு. கீழ்க்கதவு வழியாக எவ்வளவு காற்று விடுகிறீர்களோ, அந்த அளவுக்குத்தான் கரி எரியும். சமைத்து முடித்ததும் கீழ்க்கதவையும் மேல் துவாரத்தையும் அடைத்துவிட்டால் மூச்சு முட்டித் தணல் அடங்கிவிடும். மறுநாள் திறந்தால் எரியாத கரி அப்படியே இருக்கும். கிளறி, சாம்பலைக் கீழே தள்ளிவிட்டு, மேலே ஒரு கை புதுக்கரி போட்டால் அடுத்த சமையல் ஆரம்பம்.

ஆகவே பெரிய அடுப்பில் நிறையக் கரி கிடப்பதால் அது செலவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய அடுப்பின் கனமான சுவர் சூடேறக் கொஞ்சம் கூடுதல் கரி ஆகும், உண்மைதான். ஒரு மணி நேர வார நாள் சமையலில் அந்த வித்தியாசம் இரண்டு மூன்று கைப்பிடி. இரண்டாவது அடுப்பின் விலையை அந்தக் கைப்பிடிகளில் திருப்பி எடுக்க முடியாது.

நேரமும் அப்படித்தான். நேரடித் தணலில் சுடுவதற்கு 13 அங்குல அடுப்பு ஏறக்குறைய கால் மணியில் தயாராகும். உங்களுடையதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகலாம். நடுவில் இருக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் கோழிக்கு மசாலா தடவிக்கூட முடிந்திருக்காது.

அப்புறம் ஏன் வார நாளில் மனசு வருவதில்லை? பெரும்பாலும், வார இறுதியில் பற்றவைக்கிற மாதிரியே வார நாளிலும் பற்றவைக்கப் பார்ப்பதால்தான். டிஃப்ளெக்டர் கல்லை (தணலின் நேர்ச்சூட்டை மறைக்கிற கல்) உள்ளே வைத்து, கூடை நிறையக் கரி கொட்டி, வெப்பம் ஒரே நிலைக்கு வரக் காத்திருக்கிறோம். நான்கு துண்டு கோழிக்கு அது எதுவும் வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள். பழைய கரியைக் கிளறி ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். பெரிய துண்டுகள் அடியில், சிறியவை மேலே. ஒரே இடத்தில் ஒரு தீமூட்டிக் கட்டி வைத்துப் பற்றவையுங்கள். கீழ்க்கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், மூடியும் திறந்திருக்கட்டும். எட்டு, பத்து நிமிடத்தில் உள்ளங்கை அளவுக்குக் கரி சிவந்துவிடும். அப்போது கம்பித்தட்டை வைத்து, மூடியைச் சாத்தி, கீழ்க்கதவைப் பாதியாகக் குறையுங்கள். முதலில் வருகிற வெள்ளைப்புகை கண்ணைக் கரிக்கும்; அது தெளிந்து, புகை லேசாக நீலம் தட்டியதும் கோழியை வைக்கலாம். எலும்போடு இருக்கும் தொடைத்துண்டுகளைக் கரி இல்லாத பக்கம் தோல் மேலாக வைத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் மூடியபடி விடுங்கள். அரை மணிக்கு மேல் போனதும் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 165 வந்துவிட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது. தொடைக்கறி 175, 180 வரை போனால் இன்னும் மிருதுவாக இருக்கும். கடைசியில் இரண்டு நிமிடம் தணலுக்கு நேர் மேலே தோல் கீழாகத் திருப்பிப் போட்டு எடுத்தால் மொறுமொறுப்பும் வந்துவிடும்.

இப்படித் தணலை ஒரு பக்கமும் இறைச்சியை மறுபக்கமும் வைக்கிற வசதி பெரிய அடுப்பில்தான் இருக்கிறது. 13 அங்குலத்தில் கரியை ஒதுக்க இடமே இல்லை. எங்கே வைத்தாலும் தணலுக்கு மேல்தான். தோலோடு இருக்கும் கோழியின் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டிக் குப்பென்று பற்றும். ஆக, எந்த வேலைக்காகச் சின்னதைத் தேடுகிறீர்களோ, அந்த வேலையைப் பெரியதுதான் நன்றாகச் செய்யும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். கடையில் பார்க்கும்போது 18-க்கும் 13-க்கும் வித்தியாசம் ஐந்து அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அது விட்டம். உங்கள் 18¼ அங்குலத் தட்டின் பரப்பு 262 சதுர அங்குலம். 13 அங்குலத் தட்டுக்கு 133 தான். சரிபாதி. விலை அப்படிப் பாதியாவதில்லை. பிக் கிரீன் எக்கின் இந்த இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டால், சின்னது பெரும்பாலும் பெரியதின் பாதி விலையைத் தாண்டித்தான் நிற்கும். அதற்கு மேல் டிஃப்ளெக்டர் கல், ஸ்டாண்டு, பீட்சா கல் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டி வரலாம். உங்கள் மனைவி கேட்ட கேள்வி நியாயமானதுதான். முதல் மூன்று காரணங்களை மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் நானும் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

கேம்பிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். பிக் கிரீன் எக்கின் 13 அங்குல மாடலான மினிமேக்ஸ் கிட்டத்தட்ட 35 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், அது பெரிய விஷயமில்லை. திரும்பி வருவதுதான் சிக்கல். சமைத்து முடித்த செராமிக் அடுப்பு ஆறப் பல மணி நேரமாகும். உள்ளே கனல் இருக்கும்போது காரில் ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உயிருக்கே ஆபத்து. கராஜிலும் கனலோடு வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி அணைத்தால் செராமிக் விரிசல் விடும். பூங்காவுக்கும் முகாமுக்கும் 14 அங்குல வெபர் ஸ்மோக்கி ஜோ மாதிரி ஒரு சின்ன எஃகு அடுப்பு போதும். ஐந்து கிலோ கூட இருக்காது, விலையும் கையைக் கடிக்காது. சோளம், கெபாப், பர்கர் எல்லாம் அதில் நன்றாகவே வரும்.

இரண்டாவது செராமிக் அடுப்புக்குப் பலரும் சொல்கிற இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடைக்காரர் சொல்வார். ஒரே நேரத்தில் இரண்டு வெப்பம் வேண்டும் என்பதே அது. ரிப்ஸ் 250 டிகிரியில் மணிக்கணக்கில் கிடக்கும்போது பிள்ளைகளுக்குப் பர்கர் போட 500 வேண்டும். செராமிக் அடுப்பில் வெப்பத்தை ஏற்றுவது சுலபம். இறக்குவது லேசில் நடக்காது. சுவர் உறிஞ்சிய சூடு விடவே விடாது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு விருந்துக்கு வரிசையை மாற்றினாலே சமாளிக்கலாம். குறைந்த சூட்டுச் சமையல் முதலில். ரிப்ஸ் வெந்ததும் இரண்டு சுற்று ஃபாயிலில் பொதிந்து, பழைய துண்டில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கையில் பிடிக்க முடியாத சூட்டோடு இருக்கும். உள்சூடு 140-க்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் கீழ்க்கதவைத் திறந்து பெரிய அடுப்பை 500-க்கு ஏற்றிவிடலாம். என் வேலையில் ஒரே நாளில் நூறு பேருக்குப் பரிமாற வேண்டியிருப்பதால் எனக்கு இரண்டு மூன்று அடுப்பு தேவை. ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு இந்த ஒரு காரணம் போதாது.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் மாமியார் மறுப்பதை வெறும் மனத்தடை என்று நினைத்திருந்தால், ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், அவர் சொல்வது சரி. தட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். போதாது. இந்த அடுப்பில் கொழுப்பு மூன்று இடத்துக்குப் போகிறது. ஒன்று கம்பித்தட்டு, அதை மாற்றிவிடலாம். இரண்டாவது, மூடியின் உட்புறம். கொழுப்புப் புகை மேலே போய்ப் படிந்து கறுப்புப் படலமாகிறது. அடுத்த முறை ஈரமான எதையாவது உள்ளே வைத்து மூடினால், ஆவி அந்தப் படலத்தில் பட்டுச் சொட்டாக இறங்கும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: கரி. நாம் மிச்சம் பிடித்து வைக்கிறோமே, அந்தப் பழைய கரி போன வாரத்து ரிப்ஸ் கொழுப்பைக் குடித்துவிட்டுத்தான் கிடக்கிறது. அதைப் பற்றவைத்து மேலே கத்தரிக்காயை வைத்தால், மேலே வருவது பன்றிக்கொழுப்பின் புகைதான். மூக்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். சைவமாகவே இருந்து பழகியவர்களுக்கு நிச்சயம் தெரியும்.

ஒவ்வொரு முறையும் பழைய கரியை அள்ளிக் கொட்டிவிட்டு, 650 டிகிரிக்கு ஏற்றி, எல்லாவற்றையும் எரித்துச் சுத்தமாக்கி, ஆறவிட்டு, புதுக்கரி போட்டுச் சமைக்கலாம். நான் சைவ விருந்துக்குப் போகிறபோது, அதற்கென்று தனியாக வைத்திருக்கிற அடுப்பைத்தான் எடுத்துப்போகிறேன். வீட்டில் யாரும் வாரா வாரம் எரித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். மாமியாரை மாற்றப் பார்ப்பதைவிட அடுப்பைப் பிரிப்பது நல்லது. வீட்டில் இரண்டு பெரியவர்கள் நான்கு வருடமாக அந்த நெருப்பின் பக்கமே வராமல் இருந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு ஒரு நெருப்பு கொடுக்கத்தான் வேண்டும்.

சைவத்துக்குச் செராமிக்கே வேண்டுமா என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் வேண்டாம். சோளம், குடைமிளகாய், பனீர், காளான், வாழைக்காய் மட்டும்தான் என்றால் 22 அங்குல எஃகு கெட்டில் (மூடியுள்ள உருண்டைக் கரி அடுப்பு) போதும். இடமும் அதிகம், விலையும் குறைவு. உங்கள் மாமியார் வருடத்தில் ஆறு மாதம் மட்டும் வந்து போகிறவராக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் உங்களோடேயே இருக்கிறார், மனைவிக்கு நான் ரொட்டியும் பீட்சாவும் சுட வேண்டும். ரொட்டி வகைக்குச் செராமிக்தான். கீழே கல் சூடு, மேலே மூடி திருப்பி அனுப்புகிற சூடு, இரண்டும் சேர்ந்தால்தான் மாவு உப்பி மேலே புள்ளி விழும். தகட்டு அடுப்பில் அடி கருகி மேல் வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

கத்தரிக்காயும் இதில் தனி ருசி. இங்கே கிடைக்கிற பெரிய ஊதாக் கத்தரிக்காயை முள்கரண்டியால் நான்கைந்து இடத்தில் குத்தி, எண்ணெய் கூடத் தடவாமல், 400 டிகிரியில் தணலுக்கு நேர் மேலே வைத்து மூடிவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும். அரை மணியில் தோல் கறுத்துச் சுருங்கி, காம்புப் பக்கம் விரலால் அமுக்கினால் உள்ளே போகும். கேஸ் அடுப்பில் சுட்டால் தோல் கருகும், உள்ளே ஒரு பக்கம் பச்சையாகவே நிற்கும். மூடிய அடுப்பில் காய் தன் ஆவியிலேயே வெந்து, சதை முழுக்கப் புகை இறங்கியிருக்கும். பிசைந்து, புளி கரைத்துவிட்டு, கொத்சு வைத்தால் உங்கள் பிள்ளைகளும் இந்தப் பக்கம் வருவார்கள்.

சரி, எந்த அளவு? பிக் கிரீன் எக்கில் மினி என்று 10 அங்குலத்தில் ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் தட்டு 79 சதுர அங்குலம்தான். இரண்டு கத்தரிக்காய் வைத்தால் நிறைந்துவிடும், வெப்பமும் சட்டென்று ஏறி இறங்கும். அது வேண்டாம். 13 அங்குலத்தில் ஸ்மால், மினிமேக்ஸ் என்று இரண்டு. தட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்மால் உயரமானது, கரி அதிகம் கொள்ளும். மினிமேக்ஸ் குள்ளமாக அகன்றது. ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கை வைத்துப் புரட்ட மினிமேக்ஸ்தான் வசதி. இன்னொரு கம்பெனியான கமாடோ ஜோவின் ஜோ ஜூனியர் 13.5 அங்குலம். வாங்கும் பெட்டியில் ஸ்டாண்டும் டிஃப்ளெக்டரும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு மொத்த விலையை ஒப்பிடுங்கள். இரண்டுமே ஜார்ஜியாவில் ஆரம்பித்த கம்பெனிதான். எட் ஃபிஷர் 1974-ல் அட்லாண்டாவில் சின்னக் கடையாகப் போட்டதுதான் பிக் கிரீன் எக். கமாடோ ஜோ 2009-ல் வந்தது. உங்கள் பக்கம் இரண்டுக்குமே டீலர்கள் தாராளம். கேஸ்கெட் (மூடி விளிம்பில் காற்று கசியாமல் ஒட்டியிருக்கும் பட்டை), மூடிக் கீல் என்று பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் அது பெரிய வசதி.

13 அங்குலத்தில் பீட்சா 10, 11 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கல்லைச் சுற்றி இடைவெளி இருந்தால்தான் சூடு மேலே சுற்றிவரும். வீட்டுக்கு அடிக்கடி ஆட்கள் வருவார்கள், அதில் பாதிப்பேர் சைவம் என்றால் 15 அங்குல மீடியத்தைப் பாருங்கள். தட்டு 177 சதுர அங்குலம், எடை 50 கிலோவைத் தாண்டும்; ஒரு இடத்தில் வைத்தால் அங்கேயேதான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு 13 போதும் என்று படுகிறது. எதற்கும் கடைக்கு மனைவியையும் மாமியாரையும் கூட்டிப் போங்கள். மூடியைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

புதிதாகவே வாங்குங்கள். சாதாரணமாகச் செராமிக் அடுப்பு வாங்குகிறவர்களுக்கு நான் பழையதையோ டெமோவையோதான் பார்க்கச் சொல்வேன். எக்ஃபெஸ்ட் (பிக் கிரீன் எக்கில் சமைத்துக் காட்டும் விழா) நடக்கும் இடங்களில் ஒரே ஒருநாள் சமைத்த அடுப்பைக் கணிசமாகக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்த ஒருநாளில் அதில் ஏறியது பன்றியோ மாடோ கோழியோ, சொல்ல முடியாது. உங்கள் காரியத்துக்கு அது உதவாது. பழையது வாங்கினால் இன்னொரு நஷ்டமும் உண்டு: செராமிக்குக்குக் கொடுக்கிற உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்குத்தான், கைமாறினால் போய்விடும்.

வாங்கிய அன்றே சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தனி இடுக்கி, தனி பிரஷ், தனி சாம்பல்வாரி. பெரிய அடுப்பின் மிச்சக் கரியில் ஒரு துண்டு கூட இதற்குள் போகக்கூடாது, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். கரி மூட்டை ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் சின்ன அடுப்புக்குச் சின்னத் துண்டுகளாகப் பொறுக்கிப் போடுங்கள். முழங்கை அளவுக் கட்டி போட்டால் நடுவில் காற்று ஓட்டை விழுந்து தணல் பரவாது. கட்டிக்கரிதான் போட வேண்டும், பிரிக்கெட் (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) வேண்டாம், சாம்பல் அடைத்துவிடும். பற்றவைக்கத் திரவம் வேண்டவே வேண்டாம். செராமிக் அதன் வாசனையை உறிஞ்சிக்கொண்டு பல சமையல்களுக்கு விடாது.

வைக்கிற இடத்தைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். சின்ன அடுப்பைத் தரையில் வைத்தால் மாமியார் குனிந்து நிமிர வேண்டும். இடுப்பு உயரத்துக்கு உறுதியான மேஜை வேண்டும். மர மேஜை என்றால் அடுப்புக்கு அடியில் எரியாத கல் பலகை போட்டு, அதற்கு மேல் ஸ்டாண்டோடு வையுங்கள். கீழ்க்கதவு வழியாகப் பொறி விழும், அடிப்பாகமும் சுடும். மர டெக்கை விடக் கீழே கான்கிரீட் தளத்தில் வைப்பது நல்லது. வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளி வையுங்கள். (இதைப் படிக்கிற அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு: தண்ணீர்த் தெளிப்பான் இல்லாத மர பால்கனியில் கரி அடுப்பு மூட்டுவதை அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களின் தீ விதிகள் அனுமதிப்பதில்லை. வாங்குவதற்கு முன் லீஸைப் பாருங்கள்.)

கீழ்க்கதவு ஆள் நிற்கிற பக்கம் பார்த்து இருக்கும். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சரியாக அந்த உயரத்தில்தான் தொங்கும். தலைப்பை இழுத்துச் செருகி, மேலே பருத்தி ஏப்ரன் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நைலக்ஸ் புடவையோடு இந்தப் பக்கமே வேண்டாம்.

மூடி திறக்கிற முறையையும் நீங்களே நின்று சொல்லிக்கொடுங்கள். 500-க்கு மேல் போன அடுப்பை ஒரேயடியாகத் திறந்தால் உள்ளே காற்றுக்கு ஏங்கிக் கிடக்கிற நெருப்பு ஒரே வீச்சில் வெளியே பாயும். புருவமும் முன்கை முடியும் போகிற வேகம் அது. முதலில் இரண்டு அங்குலம் மட்டும் திறந்து, ஐந்து நொடி அப்படியே பிடித்து, மறுபடி மூடி, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். நான்கு வருடப் பழக்கத்தில் உங்களுக்குக் கை தானாகச் செய்யும். அவர்களுக்குப் புதிது. சின்ன அடுப்பில் முகம் இன்னும் பக்கத்தில் இருக்கும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

வாங்கி வந்ததும் பீட்சாவில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் சில சமையல் 350 டிகிரிக்குள் இருந்தால்தான் கேஸ்கெட்டின் பசை சரியாகப் பிடிக்கும். எடுத்த எடுப்பில் 600-க்கு ஏற்றினால் கேஸ்கெட் உரிந்து, மூடி சரியாக மூடாமல் காற்று கசிய ஆரம்பிக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனீர், தக்காளி, முழுப்பூண்டு என்று முதல் இரண்டு வாரம் போகட்டும். கத்தரிக்காயையும் இந்த இரண்டு வாரம் 350-லேயே வைக்கலாம், பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பீட்சா கல்லை ஏற்றுங்கள்.